நாலாம் படுக்கை

விருதுநகர்,
12.03.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் வினோலியா தோத்திரம் சொல்லி எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். உங்களுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது, வெறும் தரையில்தான் படுக்கிறீர்களா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

சிறையிலிருந்து வாரம் ஒரு தடவை வருகிற போனில் பாதி நேரம் அம்மா அழுகிறாள். மீதி நேரம் வக்கீல் சொன்னதைச் சொல்கிறாள். என் கைக்கு வருவதற்குள் லைன் போய்விடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதியதற்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது.

பட்டாசுக் கம்பெனியில் வெடி வெடித்து நாலு பேர் செத்து, போர்மேன் என்று உங்களைப் போலீஸ் கூட்டிப்போய் இருபத்திரண்டு நாள் ஆகிறது. நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலையில் சேர்ந்து பத்து நாள். சேர வேண்டாம் என்று நினைத்தேன். அம்மாதான், "வீட்ல ஒரு ஆளாவது தலை நிமிந்து வெளிய போகட்டும்" என்று பெட்டியைக் கட்டி அனுப்பினாள். ஹாஸ்டலில் இருக்கிறேன்.

நேராகத் தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே போட்டுவிட்டார்கள். பன்னிரண்டு படுக்கை. புதிதாகப் படித்து வந்தவர்கள் ஆறு பேர். மூன்று மாதத்துக்கு எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு சீனியர் கூடவே நிற்பார். எனக்கு அழகுமீனா சிஸ்டர். ஆனைக்குட்டத்துக்காரர், முப்பத்து மூன்று வயது. முதல் நாள் என்னைக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்லிவிட்டார். "இன்னைக்கு எதையும் தொடாத புள்ள. எந்தச் சத்தம் எங்கருந்து வருதுன்னு மட்டும் கண்டுபிடி" என்றார். சாயங்காலம் வரைக்கும் மூன்று சத்தம்தான் பிடிபட்டது. நாலு வருஷம் படித்தது எங்கே போனது என்று தெரியவில்லை.

இங்கே யாருக்கும் நான் யார் மகள் என்று தெரியாது. நானும் சொல்லவில்லை. விபத்து நேரத்தில் நீங்கள் கேட்டில் லோடு பார்த்துக்கொண்டிருந்தீர்கள், அந்த அறைப் பக்கமே போகவில்லை என்று அம்மா சொல்கிறாள். நான் அதையே நினைத்துக்கொண்டு தூங்குகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அப்பா.

உங்கள் வினோ

•

மதுரை,
20.03.2025

அன்பு மகள் வினோவுக்கு,

அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். மூட்டுவலி பரவாயில்லை, இங்கே நடக்க இடம் கொஞ்சம் உண்டு. சாப்பாடு ஆகிறது. லெந்து உபவாச நாள் என்பதால் ஒரு நேரம் நானே விட்டுவிடுகிறேன், அம்மாவிடம் சொல்லாதே.

உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். பெரிய வேலை. ஹாஸ்டலில் கொசு உண்டா? காலையில் வெறும் வயிற்றோடு போகாதே. அந்த சிஸ்டர் கோபக்காரரா?

இங்கே கடிதங்களைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுக்கிறார்கள். வழக்கைப் பற்றி எதுவும் எழுத முடியாது.

உங்கள் பிரிவில் தீக்காயம் பட்டவர்களையும் வைத்திருக்கிறார்களா? சும்மாதான் கேட்டேன்.

ஆண்டவர் உன்னோடிருப்பாராக.

அப்பா
ஞானசீலன்

•

விருதுநகர்,
03.04.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

வினோவின் தோத்திரம். சுகமாக இருக்கிறேன். சாப்பாட்டை விடாதீர்கள், இங்கே வெறும் வயிற்றில் மயங்கி விழுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் யாரோ ஒருவருடைய போன் பீப் பீப் என்றது. நான் எழுந்து நின்றுவிட்டேன். கண்டக்டர், "அடுத்த ஸ்டாப்பாம்மா?" என்றார். ஆமாம் என்று திருத்தங்கலிலேயே இறங்கி, அடுத்த பஸ்ஸுக்கு அரை மணி நேரம் நின்றேன். கோயிலில் பிரசங்கம் நடக்கும்போதும் கை சும்மா இருக்கவில்லை. என் நாடியை நானே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஆறு பேரில் ஒருத்தி போன வாரம் வேலையை விட்டே போய்விட்டாள். இன்னொருவன் தருண்குமார், என் வகுப்பில் படித்தவன். அவன் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் இறந்ததும் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டான். அழகுமீனா சிஸ்டர் அவனைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "கடைசி ஒரு மணி நேரம் நீ என்னென்ன செஞ்ச? ஒண்ணு விடாமச் சொல்லு" என்றார். அவன் சொன்னான். எல்லாம் சொல்லி முடித்ததும், "இதுல எதைச் செய்யாம விட்ட?" என்றார். அவன் யோசித்துவிட்டு, "ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்றான். "அப்ப வா, கை கழுவு." அவ்வளவுதான். அவன் வந்துவிட்டான்.

நீங்கள் கேட்டீர்களே, தீக்காயக்காரர்கள் உண்டு. இரண்டு பேர்.

நீங்கள் கேட்டில் நின்றதைப் பற்றி நான் எழுதியிருந்தேன். நீங்கள் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

உங்கள் வினோ

•

மதுரை,
09.04.2025

அன்பு மகளுக்கு,

சுகம். நீ சுகமா?

முத்துப்பேச்சி என்று ஒருத்தி. எம். புதுப்பட்டிக்காரி. முப்பது வயதிருக்கும். கையும் நெஞ்சும் வெந்து போனதாகச் சொன்னார்கள். அவள் எங்கே இருக்கிறாள், உயிரோடு இருக்கிறாளா என்று இங்கே எனக்குச் சொல்ல ஆளில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது. தெரியாவிட்டால் யாரிடமும் கேட்காதே.

அப்பா

•

விருதுநகர்,
27.04.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

தோத்திரம். ஈஸ்டருக்கு நான் வீட்டுக்குப் போகவில்லை, டியூட்டி. அம்மா தனியாகக் கோயிலுக்குப் போய்விட்டு யாரிடமும் பேசாமல் திரும்பி வந்தாளாம். உங்களுக்கு ஒரு சட்டை எடுத்து வைத்திருக்கிறாள்.

இரண்டு வாரமாக உங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்து எழுந்து எழுந்து போனேன். இன்று எழுதிவிடுகிறேன்.

என் கையால் ஒரு உயிர் போகப் பார்த்தது.

ஒரு நோயாளிக்கு இரத்த அழுத்தம் தானாக நிற்கவில்லை. அதைத் தாங்கிப் பிடிக்கிற மருந்து, ஊசிக்குழாயிலிருந்து மெஷின் வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். தீரும் முன்னால் அடுத்த குழாயைத் தயாராக வைத்திருக்க வேண்டும். தீரப்போகிறது என்று மெஷின் சத்தம் கொடுத்தது. நான் அப்போது அந்த அம்மாவின் கழுத்துக் குழாயில் சளியை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். எப்போதும் அடிக்கிற சத்தம்தானே என்று அதை அமர்த்திவிட்டேன். பிறகு மறந்தேன். மருந்து நின்றுபோனது. திரையில் இரத்த அழுத்தம் 54 என்று வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். அழகுமீனா சிஸ்டர் எதிர்ப் படுக்கையிலிருந்து ஓடி வந்து மாற்றினார். எண் மெல்ல ஏறியது. எல்லாம் இரண்டு நிமிடம்தான்.

நடந்ததை எழுதிக் கொடுக்க ஒரு படிவம் உண்டு. என் பெயருக்குக் கீழே அவர் பெயரையும் எழுதினார். "நீங்க ஒண்ணும் செய்யலையே சிஸ்டர்" என்றேன். "நீ சத்தத்த அமத்துனத நான் கேட்டேன். ஏன் அமத்துனேன்னு அப்பவே கேட்டிருக்கணும். கேக்கல" என்றார். அன்று ஷிப்ட் முடிந்ததும் ராஜினாமா எழுதி வைத்தேன். மறுநாள் அவர் அதைப் படித்துவிட்டு, "சரி, மத்தியானம் பேசுவோம். இப்ப நாலாம் படுக்கைக்கு மருந்து ரெண்டாவது குழாய் போடு, நான் பாக்கேன்" என்றார். பத்துத் தடவை போட வைத்தார். மத்தியானம் அதைப் பற்றி இருவருமே பேசவில்லை.

அப்பா, மருந்து நின்றுபோன அந்த நாலாம் படுக்கைதான் முத்துப்பேச்சி. சேர்ந்த இரண்டாவது வாரத்திலிருந்து என் பொறுப்பில்தான் இருக்கிறாள். உங்கள் கம்பெனி ஆள் என்று சீட்டைப் பார்த்த அன்றைக்கே எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடமும் மறைத்தேன்.

உயிரோடுதான் இருக்கிறாள்.

வினோ

•

மதுரை,
02.05.2025

மகள் வினோவுக்கு,

கடிதம் கிடைத்தது. அவளுக்குப் பேச்சு இருக்கிறதா? இனிமேல் பேச வருமா? டாக்டர்கள் என்ன சொல்கிறார்கள்? உடனே எழுது.

அப்பா

•

விருதுநகர்,
18.05.2025

அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஒருத்தி சாகக் கிடந்து பிழைத்தாள் என்று மகள் எழுதினால், அவளுக்கு வலி எப்படி, புண் ஆறுகிறதா, நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்பீர்கள் என்று நினைத்தேன். பேச்சு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு நாலு நாள் அவள் பக்கத்தில் நின்றேன். கையில் கட்டு, கழுத்தில் குழாய். உதட்டை மட்டும் அசைப்பாள். "தண்ணி" என்பது எனக்குப் புரியும். "பிள்ள" என்பதும் புரியும். அவளுக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறது.

என்னால் முடியாமல் அழகுமீனா சிஸ்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "இத நீ மொத நாளே சொல்லியிருக்கணும். ஒனக்காக இல்ல, அவளுக்காக. அவ ஒத்துக்காத ஆளு அவ ஒடம்புல கை வச்சிருக்கு" என்றார். அன்றே மேட்ரனிடம் சொல்லி என்னை ஒன்பதாம் படுக்கைக்கு மாற்றிவிட்டார். முத்துப்பேச்சிக்குத் தெம்பு வந்ததும் நான் யாரென்று நானே சொல்ல வேண்டும் என்றார். ஒதுக்கிவிடுவார் என்று பயந்தேன். மறுநாளும் என்னோடுதான் சாப்பிட்டார்.

இன்னொன்றும் நடந்தது. கோடை லீவில் ஆள் இல்லை. போன செவ்வாய்க்கிழமை காலையில் ஆபீஸிலிருந்து வந்த ஒருவர், புது ஆட்களைத் தனியாக விடுங்கள், ஆளுக்கு மூன்று நோயாளி என்றார். எங்களுக்குப் பழகும் காலம் இன்னும் முடியவில்லை. சிஸ்டர் நேராகச் சொன்னார்: "என் கையெழுத்து இல்லாம இந்தப் புள்ள தனியா நிக்காது. வேணும்னா நான் ரெண்டு ஷிப்ட் பாக்கேன்." அவர், "எல்லாரும் இப்படித்தானம்மா பழகுறாக" என்றார். சிஸ்டர், "பழகுறது நம்ம. சாகுறது யாரு?" என்றார். ரெண்டு ஷிப்ட்டும் பார்த்தார். எங்களைத் தனியே விடவில்லை.

அப்பா, நேராகக் கேட்கிறேன். அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள்? அட்டைப்பெட்டி கட்டுகிற ஷெட்டில் இருந்தவள் என்று அவள் வீட்டார் பேசிக்கொள்கிறார்கள்; அவள் வெடிமருந்து அறைக்குள் எப்படிப் போனாள்?

வினோலியா

•

மதுரை,
22.06.2025

அன்பு மகள் வினோவுக்கு,

அப்பா எழுதுவது. ஐந்து வாரம் ஆகிவிட்டது. நீ பதிலை எதிர்பார்த்துச் சலித்திருப்பாய். உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுதினேன், கிழித்தேன். இதைப் பிரித்துப் படிக்கிறவர்களும் படித்துக்கொள்ளட்டும், இனி அதனால் ஒன்றுமில்லை.

அம்மா சொன்னது பொய்யில்லை. வெடிக்கும்போது நான் கேட்டில்தான் நின்றேன். அதற்கு அரை மணி நேரம் முன்னால் எங்கே நின்றேன் என்பதை உன் அம்மாவிடமும் சொல்லவில்லை.

அன்று காலையில் மேனேஜர் ஜெயச்சந்திரன் போன் செய்தார். வடக்கே போகிற லோடு சாயங்காலம் ஏறியாக வேண்டும், ஆர்டர் போய்விடும் என்றார். வெடிமருந்து செலுத்தும் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. சுவரிலேயே எழுதியிருக்கிறது. நான் ஏழு பேரை உட்கார வைத்தேன். ஏழாவது ஆள் முத்துப்பேச்சி. வேலைக்கு வந்து எட்டு நாள். "அண்ணாச்சி, எனக்கு அந்த வேல தெரியாதுல்லா" என்றாள். "பக்கத்துல இருக்கவுகளப் பாரு, கை வச்சாத் தானா வரும்" என்றேன். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். நான் கேட்டுக்குப் போனேன்.

எங்களிடமும் ஒரு நோட்டு உண்டு. புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்தாயிற்று என்று போர்மேன் அதில் கையெழுத்துப் போட வேண்டும். அவள் பெயருக்கு நேரே அவள் வந்த அன்றைக்கே போட்டுவிட்டேன். எல்லோருக்கும் அப்படித்தான் போடுவேன். பத்தொன்பது வருஷமாக. கையெழுத்தைப் பற்றி உன் சிஸ்டர் சொன்னதை நீ எழுதியிருந்தாயே, அந்த இடத்துக்கு மேல் என்னால் அன்று படிக்க முடியவில்லை.

பேச்சு வருமா என்று ஏன் கேட்டேன் என்பதையும் சொல்கிறேன். கம்பெனி வைத்த வக்கீல், அவள் யாரும் சொல்லாமல் தானாக உள்ளே நுழைந்தாள், அவள்தான் வெடிமருந்துத் தட்டைக் கீழே போட்டாள் என்று சொல்லச் சொன்னார். மற்றவர்களில் நாலு பேர் செத்துவிட்டார்கள், பிழைத்த இரண்டு பேரும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவர்கள், அவள் பேசாதவரைக்கும் யாரும் மறுக்க முடியாது என்றார். நீ பேச்சு வராது என்று எழுதியிருந்தால் நான் அப்படியே சொல்லியிருப்பேனோ என்னவோ. சொல்லியிருக்க மாட்டேன் என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை.

போன வாரம் அவரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்துவிட்டேன். கம்பெனி வக்கீல் இனி வர மாட்டார். இலவசச் சட்ட உதவி வக்கீல் ஒரு பெண் வந்து பார்த்தார். இரண்டு ஜாமீன் மனு தள்ளுபடி ஆயிற்று, மூன்றாவது போடுகிறேன் என்றார்.

அம்மாவுக்கு நீயே சொல். எனக்கு அதை எழுதத் தெரியவில்லை.

அப்பா

•

விருதுநகர்,
13.07.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

தோத்திரம். உங்கள் கடிதம் வந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. அதை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். அம்மாவிடம் சொன்னேன். சமைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்தே, "அந்தப் பொண்ணு என்ன சாப்பிடுதா?" என்று கேட்டாள். கஞ்சி குடிக்கிறாள் என்றேன்.

முத்துப்பேச்சிக்குக் கழுத்துக் குழாயை எடுத்தாயிற்று. குரல் கரகரப்பாக வருகிறது. பக்கத்து அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். போன மாதக் கடைசியில் அவளிடம் சொன்னேன். அழகுமீனா சிஸ்டர் வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை.

"அக்கா, நான் போர்மேன் ஞானசீலன் மக" என்றேன்.

என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஒங்கப்பாருதான என்னைய உள்ள போகச் சொன்னாரு?"

"ஆமாக்கா."

"தெரிஞ்சுக்கிட்டா எனக்குப் பீ மூத்திரம் அள்ளுன?"

ஆமாம் என்றேன். இரண்டு நிமிடம் மருந்து நின்றுபோனதையும் சொன்னேன். அதைச் சொல்லச் சொல்லி சிஸ்டர் சொல்லவில்லை, எனக்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "இங்கன வராத" என்றாள்.

வெளியே வந்து கை கழுவினேன். கழுவிக்கொண்டே இருந்தேன். சிஸ்டர் குழாயை மூடிவிட்டு, "ஒம்பதாம் படுக்கைக்கு மணி ஆச்சு" என்றார்.

ஆறு நாள் அந்த அறைக்குப் போகவில்லை. ஏழாம் நாள், கட்டு மாற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது, ஆள் இல்லை. அவளிடமே கேட்டிருக்கிறார்கள். "வேலைக்கு வரட்டும். பேச்சு வச்சுக்க வேண்டாம்" என்றாளாம். போனேன். முக்கால் மணி நேரம் ஆகும் அந்தக் கட்டு. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள், நான் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் போகிறேன்.

மாஜிஸ்திரேட் வந்து அவளிடம் வாக்குமூலம் வாங்கினார். நான் அந்தத் தளத்திலேயே இல்லை, கீழே மருந்து ஸ்டோருக்கு என்னை அனுப்பிவிட்டார்கள். என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் எழுதியதைத்தான் சொல்லியிருப்பாள்.

சிஸ்டர் எனக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். மற்றவர்களுக்கு மூன்று மாதம், எனக்கு நாலு மாதம் ஆனது. இப்போது இரண்டு நோயாளிகளை நானே பார்க்கிறேன். இரவில் தூக்கம் சரியாக வருவதில்லை. சத்தத்தை மட்டும் அமர்த்துவதில்லை.

உங்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது அப்பா. நீங்கள் எழுதிக் கொடுத்ததால் அது குறைந்ததா என்று பார்த்தேன். தெரியவில்லை. மூட்டுவலி மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள்.

உங்கள் வினோ

•

மதுரை,
26.07.2025

அன்பு மகள் வினோவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நலம். ஜாமீன் கிடைத்துவிட்டது. நாரணாபுரத்திலிருந்து உன் பெரியப்பாவும் இன்னொருவரும் ஜாமீன் நிற்கிறார்கள். காகிதமெல்லாம் முடிந்து ஆகஸ்ட் ஏழாம் தேதி வியாழக்கிழமை விடுவார்கள் என்று வக்கீலம்மா சொன்னார். தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். வழக்கு நடக்கும், தண்டனை வரும். அதற்கு நான் தயார்.

வெளியே வந்ததும் வீட்டுக்குப் போக மாட்டேன். நேராக உங்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். அந்தப் பெண்ணின் காலில் விழ வேண்டும். அதற்குப் பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கும். எத்தனை மணிக்குப் பார்க்க விடுவார்கள் என்று எழுது. உன் சிஸ்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வை. ஐந்து நிமிடம் போதும்.

அப்பா

•

விருதுநகர்,
31.07.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

தோத்திரம். ஜாமீன் செய்தி கேட்டு அம்மா முதன்முறையாக இரண்டு இட்லி சேர்த்துச் சாப்பிட்டாள். வீட்டை ஒழுங்குபண்ணிக்கொண்டிருக்கிறாள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: வர வேண்டாம்.

நானாகச் சொல்லவில்லை. நேற்றுக் கட்டு மாற்றி முடித்த பிறகு, "ஒரு விஷயம் கேக்கணும், பேசலாமாக்கா" என்றேன். தலையை ஆட்டினாள். அப்பா வந்து பார்க்க நினைக்கிறார் என்றேன். தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன். பிறகு சொன்னாள்:

"ஒங்கப்பாரு வந்து என் முன்னால நின்னு அழுவாரு. அழுதா, விடுங்க அண்ணாச்சின்னு நான்தான் ஆறுதல் சொல்லணும்பாக. எனக்கு இப்ப அம்புட்டுத் தெம்பு இல்ல. இருக்க தெம்பு கைய மடக்கப் பழகத்தான் காணும்."

அவளுடைய வலது கையில் இரண்டு விரல்தான் மடங்குகிறது. தினமும் ஒரு மணி நேரம் பயிற்சி. அடுத்த வாரம் அவளுடைய மகளைக் கூட்டி வருகிறார்கள். அந்தப் பிள்ளையின் தலையை வாரிவிட வேண்டுமாம், அதற்காகச் சீப்பைப் பிடித்துப் பிடித்துக் கீழே போடுகிறாள். நான் எடுத்து எடுத்துக் கொடுக்கிறேன். பேச்சு இல்லை.

உங்களுக்குச் சாப்பாடு இறங்காது என்று எழுதியிருக்கிறீர்கள். அது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் இப்போது நான் கட்டு மாற்றுகிற நோயாளி. அவள் வேண்டாம் என்றால் வாசலில் உங்களைத் தடுத்து நிறுத்த வேண்டியவள் நான்தான். என்னை அப்படி நிற்க வைத்துவிடாதீர்கள். என்றைக்காவது அவளே கேட்டால் சொல்கிறேன். கேட்காமலே வீட்டுக்குப் போய்விட்டாலும் போகட்டும்.

வியாழக்கிழமை எனக்கு லீவு எடுத்திருக்கிறேன். காலை ஒன்பது மணிக்கெல்லாம் மதுரையில் சிறை வாசலில் நிற்பேன். அம்மா எடுத்து வைத்த சட்டையை நானே கொண்டு வருகிறேன். சிவகாசி பஸ் விருதுநகர் வழியாகத்தான் போகும், ரோட்டிலிருந்து பார்த்தாலே ஆஸ்பத்திரி தெரியும். நீங்கள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொள்ளுங்கள். அங்கே இறங்க வேண்டாம் அப்பா. நேரே வீட்டுக்குப் போவோம்.

உங்கள் மகள்
வினோலியா